கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதாம்!

எங்கள் ஊரின் பெயர் அகரம். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், தாடிக்கொம்பை ஒட்டி இருக்கிறது. தமிழின் முதல் எழுத்தையே பெயராக வைத்துக்கொண்ட ஊர் என்று பள்ளியில் தமிழம்மா பெருமையாகச் சொல்வார். அக்ரஹாரம்தான் அகரம் ஆனது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்குத் தமிழம்மா சொன்னதே பிடிக்கும்.

1993-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குளிரூட்டிய அறை, கறுப்புத் திரை, அதில் மஞ்சள் எழுத்து. முதல் நாள் ஊர்ப் பெயரை அடிக்கச் சொன்னார்கள். ஆங்கில எழுத்தில் அடித்தேன். அடித்துவிட்டுக் கேட்டேன்: “சார், இதுல தமிழ் வராதா?”

“கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதும்மா. நீ இங்கிலீஷ் கத்துக்க.”

பல வருடம் இந்த வாக்கியத்தை நம்பினேன். மழை மேலிருந்து கீழே பெய்யும் என்பதைப் போல, அதுவும் ஓர் இயற்கை விதி என்று நினைத்தேன். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. அதே அச்சில் வார்த்த இன்னும் பல வாக்கியங்களுக்கும் எதிரானது. ‘பொண்ணுங்களுக்கு மெஷின் வராது’, ‘இதெல்லாம் டெக்னிக்கல், உனக்குப் புரியாது’, ‘அது அப்படித்தான்’. நம்மிடம் ‘அது அப்படித்தான்’ என்று சொல்லப்படும் இடத்தில் எல்லாம், எங்கோ ஒருவர் உட்கார்ந்து அதை அப்படி ஆக்கியிருக்கிறார். அவர் யார், எதற்காக அப்படி முடிவெடுத்தார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கம்ப்யூட்டரிலிருந்தே தொடங்குகிறேன். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. திரையில் எழுத்தும் படமும் காட்ட அதற்கு இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்று எழுத்து மட்டும் காட்டும் எம்.டி.ஏ.; மற்றது வண்ணமும் படமும் காட்டும் சி.ஜி.ஏ. முதல் கார்டில் இருந்த நினைவகம் வெறும் 4 கிலோபைட். திரையில் 25 வரி, வரிக்கு 80 எழுத்து, ஆக மொத்தம் 2000 எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் 2 பைட். ஒன்றில் அது எந்த எழுத்து என்ற எண். இன்னொன்றில் அது பளிச்சென்று தெரிய வேண்டுமா, அடிக்கோடு வேண்டுமா என்ற குறிப்பு. 4000 பைட்டில் திரை முழுவதும் அடங்கிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நினைவகத்தில் இருந்தவை எழுத்துகளின் எண்கள் மட்டுமே. எழுத்தின் வடிவம் அங்கே இல்லை. வடிவங்கள் எல்லாம் கார்டில் இருந்த ஒரு ரோம் சிப்பில், தொழிற்சாலையிலேயே, மாற்ற முடியாதபடி பதிக்கப்பட்டன. பழைய அச்சகத்தில் அச்செழுத்துப் பெட்டி பார்த்திருப்பீர்கள். அறை அறையாக இருக்கும். அதைப் போல 256 அறை உள்ள பெட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்த அறையில் என்ன இருக்கும் என்பதை ஐ.பி.எம். நிரப்பிவிட்டது. நாம் எடுத்துக் கோக்கலாம், அவ்வளவுதான். ‘கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது’ என்பதன் முழு அர்த்தம் இதுதான்: அந்தப் பெட்டியில் தமிழை யாரும் போடவில்லை.

இதைச் சொன்னால் உடனே பதில் வரும். “அன்னைக்கு மெமரி விலை என்னன்னு தெரியுமா? தமிழ்ல 247 எழுத்து. எங்க இடம் இருந்துச்சு?” இடம் இல்லை என்பது பாதி உண்மை. அந்த 256 அறைகளில் என்னென்ன இருந்தன என்று சொல்கிறேன், கேளுங்கள். சிரிக்கிற முகம் ஒன்றல்ல, இரண்டு இருந்தன. சீட்டாட்டத்தின் ஆட்டின், டயமண்ட், கிளாவர், இஸ்பேட் நான்கும் இருந்தன. இசைக் குறி இரண்டு இருந்தன. கட்டம் போடுவதற்கென்றே நாற்பது கோடுகள் இருந்தன. 11-ஆம் அறையில் ஆண் குறியீடு இருந்தது. அதற்கடுத்து 12-ஆம் அறையில் பெண் குறியீடும் இருந்தது! ஆட்டினுக்கு இடம் இருந்தது, அகரத்துக்கு இல்லை. யார் அந்தத் திரையின் முன் உட்காருவார், என்ன எழுதுவார், வேலை முடிந்தால் என்ன விளையாடுவார் என்று ஒரு மேசையில் முடிவு செய்தார்கள். அந்த மேசையில் இருந்தவர்களின் கற்பனையில் திண்டுக்கல்காரி யாரும் இல்லை.

247 என்ற கணக்கும் மிரட்டுவதற்காகச் சொல்வது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு தேவையில்லை. கால், கொம்பு, இணைக்கொம்பு ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொண்டால் பல எழுத்துகளைச் சேர்த்தே எழுதிவிடலாம். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-ல் ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகள் இந்த முறைக்குள் வந்துவிட்டன. அதாவது ஐ.பி.எம். கார்டு வருவதற்கு மூன்று வருடம் முன்பே தமிழ் தன் பங்குக்குக் குறுகிக்கொடுத்திருந்தது. நாம் எப்போதும் செய்கிற வேலைதானே அது. இடம் தராதவர்களுக்காக நம்மைச் சுருக்கிக்கொள்வது.

புள்ளிக்கணக்கில் மட்டும் உண்மையான சிக்கல் இருந்தது. சி.ஜி.ஏ.வில் ஓர் எழுத்துக்குக் கிடைத்தது எட்டுக்கு எட்டு புள்ளி. மார்கழியில் வாசலில் உட்காருகிற எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள், எட்டுப் புள்ளிக்குள் மூன்று சுழி ண-வைத் தெளிவாகப் போட முடியுமா என்று. “நெருக்கிப் போடலாம், ஆனா பாக்க நல்லாருக்காது” என்பாள். புள்ளி கூட வேண்டும். அதற்கு எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிற நினைவகம் போதாது. திரையின் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்கிற நினைவகம் வேண்டும். அதைத்தான் ஃப்ரேம்பஃபர் என்கிறார்கள். புள்ளி எல்லாம் நம் கையில் இருந்தால் ஆங்கிலம் என்ன, தமிழ் என்ன, கோலமே போடலாம்.

1982-ல் ஒருவர் இதைச் செய்தார். வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தன் மொழியில் ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் எழுத விரும்பினார். எம்.டி.ஏ.வில் தாய் எழுத்து கிடையாது, சி.ஜி.ஏ.வில் புள்ளி போதாது. ‘கம்ப்யூட்டருக்குத் தாய் மொழி தெரியாது’ என்று அவர் ஆங்கிலத்துக்குப் போய்விடவில்லை. 64 கிலோபைட் நினைவகத்தோடு, 720-க்கு 348 புள்ளிகளைத் தனித்தனியே ஆளக்கூடிய ஒரு கார்டைத் தானே வடிவமைத்தார். அதுதான் ஹெர்குலிஸ் கார்டு. உலகம் முழுவதும் விற்றது. அதைப் போலச் செய்த மலிவுக் கார்டுகள் இந்தியா முழுவதும் வந்தன.

1993-ல் என் முன்னால் இருந்த மஞ்சள் எழுத்துத் திரையை ஓட்டியது அப்படி ஒரு கார்டுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியை எழுதுவதற்காகவே பிறந்த கார்டு உள்ளே இருக்க, அந்தப் பெட்டியின் முன் நிறுத்தி என்னிடம் சொன்னார்கள், இதற்குத் தமிழ் தெரியாது என்று!

அந்த வருடத்துக்குள் இன்னும் நிறைய நடந்திருந்தது. 1984-ல் வந்த ஈ.ஜி.ஏ. கார்டில் எழுத்து வடிவங்களை நாமே மாற்றி ஏற்றிக்கொள்ள முடிந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். கனடாவிலிருந்து ஆதமி வந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மோகன் தாம்பே முதலானோர் உழைத்து, பிறகு புனேயின் சி-டாக் வழியாக ஜிஸ்ட் கார்டு வந்தது. அதைப் பெட்டிக்குள் செருகினால் ஆங்கிலத்துக்கென எழுதிய நிரல்களிலும் இந்திய எழுத்துகள் தெரியும். நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதன் நிலையைப் பாருங்கள். ஆங்கிலம் கம்ப்யூட்டரோடு வரும். தமிழ் வேண்டுமென்றால் கூடுதலாக ஒரு கார்டு, கூடுதலாகக் காசு. அலுவலகக் கட்டிடம் முடிந்த பிறகு, ‘லேடீஸும் வேலைக்கு வராங்களாமே’ என்று மூலையில் ஒரு கழிவறையைச் சேர்த்துக் கட்டுவார்களே, அதே ஏற்பாடு.

அந்த ஆசிரியரை நான் திட்டவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவரும் மூடியைத் திறந்து பார்த்ததில்லை. நான் திறந்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

1996-ல் ஒரு டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மாதம் 600 ரூபாய். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து டி.டி.பி. கடைகளில் எல்லாம் உட்கார்ந்திருந்தது பெண்கள்தான். பொறுமை இருக்கும், பிழை இல்லாமல் அடிப்பார்கள், சம்பளம் குறைவாகக் கொடுக்கலாம். முத்தாலம்மன் திருவிழா நோட்டீஸ், காதுகுத்து, கல்யாணம் எல்லாம் அடித்தோம். அதிகம் அடித்தது பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகை. பதின்மூன்று வயதுப் பெண்ணின் உடம்பில் நடந்ததை ஊருக்கு அறிவிக்கிற பத்திரிகையில், தாய்மாமன்கள் பெயரை எல்லாம் பெரிய எழுத்தில் போடச் சொல்வார்கள். அம்மாவின் பெயர் ‘திருமதி’யோடு அப்பாவின் பெயருக்குக் கீழே ஒண்டிக்கொள்ளும். எந்தப் பெயர் எத்தனை புள்ளி அளவில் இருக்க வேண்டும் என்று வீட்டு ஆண்கள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சண்டை போடுவார்கள். அன்றுதான் புரிந்தது, எழுத்தின் அளவு என்பது தொழில்நுட்ப விஷயம் மட்டும் அல்ல என்று.

ஒரு நாள் திரையில் எழுத்தெல்லாம் உடைந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. முதலாளி ‘சர்வீஸ் இன்ஜினியர்’ ஒருவரை வரவழைத்தார். என் வயதுப் பையன். பெட்டியின் மூடியைக் கழற்றினான், வி.ஜி.ஏ. கார்டை உருவினான். அதன் அடிப் பல்வரிசையை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் பென்சில் ரப்பரால் நன்றாகத் தேய்த்தான். ஊதினான், திரும்பச் செருகினான். எழுத்து சரியாகிவிட்டது. பத்து நிமிடம், 200 ரூபாய்.

அடுத்த முறை அதே கோளாறு வந்தபோது பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானே ரப்பரை எடுத்தேன். சரியாகிவிட்டது. முதலாளிக்கு 200 ரூபாய் மிச்சம். பாராட்டுவார் என்று நினைத்தேன். கத்தினார். “பொம்பளப் புள்ள இதுல எல்லாம் கை வைக்காத. ஷாக் அடிச்சுச்சுன்னா உங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

தோழிகளே, இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். அந்தக் கார்டுக்குப் போகிற மின்சாரம் 5 வோல்ட், 12 வோல்ட். அதுவும் பிளக்கைப் பிடுங்கிய பிறகு கிடையாது. பழைய குழாய் மானிட்டரையும் பவர் சப்ளையையும் திறந்தால் ஆபத்து உண்டு. நான் அவற்றைத் தொடவில்லை. ஆனால் அன்று காலைதான் வீட்டில் ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று, 230 வோல்ட் கிரைண்டரில் மாவு வழித்துவிட்டு வந்திருந்தேன். என் அம்மா முப்பது வருடம் வழித்தாள். ஷாக் அடிக்கும் என்று எந்த ஆணும் ஓடிவந்து தடுக்கவில்லை. கிரைண்டரில் அடிக்காத கரண்டு கார்டில் மட்டும் எப்படி அடிக்கிறது? ஆபத்து வோல்ட்டில் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தி பார்த்துவிட்டால், பத்து நிமிடத்துக்கு 200 ரூபாய் ஏன், மாதத்துக்கு 600 ரூபாய் ஏன் என்று அவள் கேட்கத் தொடங்குவாள். அதுதான் ஆபத்து.

அந்தக் கார்டைக் கையில் வைத்திருந்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். சில சிப்புகளின் முதுகில் ‘மலேசியா’ என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைச் செய்த கைகளைப் பற்றிப் பிறகு படித்தேன். இன்டெல் 1972-ல் பினாங்கில் ஆலை தொடங்கியது. வேறு பல நிறுவனங்களும் அங்கே போயின. அந்த ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். முடியைவிட மெல்லிய கம்பியை, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை ஒட்டிக்கொண்டு, சிப்பில் பொருத்துகிற வேலை. சில வருடங்களில் பலருக்குக் கண் பார்வை கெட்டுவிடும். கீழ்த்திசைப் பெண்களின் கை சிறியது, வேகமானது, பொறுமையானது என்று சொல்லியே மலேசிய அரசின் விளம்பரக் கையேடு முதலாளிகளைக் கூப்பிட்டது. டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அந்த விளம்பரத்தைத்தான் கிழித்தது. ‘நளினமான விரல்’ பிறவியில் வருவதில்லை. சின்ன வயதிலிருந்தே தையலும் வீட்டு வேலையும் பழக்கிப் பெற்ற திறமை அது. அதைத் திறமை என்று ஒப்புக்கொண்டால் கூலி கொடுக்க வேண்டும். இயற்கை என்று சொல்லிவிட்டால் கொடுக்க வேண்டாம். இதுதான் அவர்கள் சொன்னது.

நமக்கு இது புதிதா? வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிற பெண்ணிடமும், நிலக்கோட்டையில் விடிவதற்கு முன் மல்லிகைப் பூப் பறிக்கிறவளிடமும் இதைத்தானே சொல்கிறார்கள், “பொம்பளைங்க கைதான் இதுக்கு லாயக்கு” என்று? ஆக, இழையை விட மெல்லிய கம்பியைச் சிப்பில் பொருத்த நம் கை லாயக்கு. அந்தச் சிப் இருக்கிற கார்டை ரப்பரால் துடைக்க மட்டும் லாயக்கில்லை!

இப்போது கண்டுபிடித்தவர்களின் பக்கம் வருவோம். ஃப்ரேம்பஃபரின் வரலாற்றில் ரிச்சர்ட் ஷூப் பெயர் தவறாமல் வரும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் 1970களின் தொடக்கத்தில் சூப்பர்பெயிண்ட் என்ற வரைகருவியை அவர் உருவாக்கினார். 640-க்கு 480 புள்ளி, புள்ளிக்கு 8 பிட். அந்த 300 கிலோபைட் நினைவகத்துக்கே பதினாறு பலகை சிப்புகள் தேவைப்பட்டன. பெரிய சாதனைதான். 1998-ல் அவருக்கும் ஆல்வி ரே ஸ்மித், தாமஸ் போர்ட்டர் ஆகியோருக்கும் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. ஆனால் அதற்கும் முன்பே, 1969-70-ல், பெல் ஆய்வகத்தில் புள்ளிக்கு 3 பிட் உள்ள ஃப்ரேம்பஃபரில் வரையும் நிரலை எழுதியவர் ஜோன் மில்லர் என்ற பெண். இதை நமக்காகப் பதிவு செய்துவைத்தவர் விருது பெற்ற ஸ்மித்தேதான். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். இருந்தாலும் ஜோன் மில்லர் பெயரை எத்தனை பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

லின் கான்வே என்ற பெயர்? ஐ.பி.எம்.மில் வேலை பார்த்தவர். தான் பெண்ணாக மாறப்போவதைச் சொன்னதற்காக 1968-ல் அந்த நிறுவனம் அவரை வேலையைவிட்டு அனுப்பியது. பழைய பெயர், பழைய சாதனை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் முதலிலிருந்து தொடங்கினார். ஷூப் இருந்த அதே பார்க் ஆய்வகத்தில் சேர்ந்து, கார்வர் மீடுடன் சேர்ந்து சிப் வடிவமைப்பைப் பற்றி அவர் எழுதிய பாடநூல் 1980-ல் வந்தது. அதுவரை சில பெரிய நிறுவனங்களின் ரகசியமாக இருந்த வித்தையை, கல்லூரி மாணவர்களும் கற்றுச் சிப் வரையலாம் என்று ஆக்கியது அந்தப் புத்தகம். ஸ்டான்ஃபோர்டில் ஜிம் கிளார்க் அந்த வழியில்தான் முப்பரிமாணப் படங்களுக்கான கிராபிக்ஸ் சிப்பை உருவாக்கினார். ஐ.பி.எம். கான்வேயிடம் மன்னிப்புக் கேட்டது 2020-ல். 52 வருடம் கழித்து!

வெளிநாட்டுக்கு ஏன் போக வேண்டும்? சென்னை தாம்பரத்தில், கிறித்துவக் கல்லூரியில் ராணி சிரோமணி இருந்தார். அவரும் கிஃப்ட் சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, புள்ளிக் கட்டத்தில் படங்களை உருவாக்கும் கணித இலக்கணத்தைக் கோலங்களுக்குப் பொருத்தி எழுதிய ஆய்வுக்கட்டுரை 1974-ல் வெளியானது. வெளியிட்டது கம்ப்யூட்டர் கிராபிக்ஸுக்கான சர்வதேச இதழ். மூவரில் இருவர் பெண்கள். ஐ.பி.எம். பெட்டியில் எந்த அறையில் எதைப் போடலாம் என்று யோசிப்பதற்கு ஏழு வருடம் முன்பே, புள்ளிகளின் கணிதத்தை நம் வாசலிலிருந்து எடுத்து உலகத்துக்குச் சொன்னார்கள். அறிவு இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். முடிவெடுக்கிற மேசையில் நாற்காலிதான் இல்லை.

“இதெல்லாம் பழைய கதை, இப்ப ஃபோன்லயே தமிழ் வருதே” என்று சொல்லாதீர்கள். அன்றைய கிராபிக்ஸ் கார்டின் பேத்திதான் இன்றைய ஜி.பி.யூ. அதன் மேல்தான் செயற்கை நுண்ணறிவு ஓடுகிறது. அந்த மொழி மாதிரிகள் பலவற்றில் ஒரு தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல்லைவிட அதிகத் துண்டுகளாக உடைக்கப்படுகிறது. துண்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும்போது தமிழுக்குச் செலவு கூடுகிறது. மறுபடியும் கூடுதல் கார்டு, கூடுதல் காசு. மறுபடியும் ‘அது அப்படித்தான்’ என்கிறார்கள்.

என் அண்ணன் மகள் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். போன மாதம் கேட்டேன், “லேப்ல என்னடி செய்றீங்க?” என்று. “கேபினெட்டப் பசங்க பிரிச்சு மாட்டுவாங்க அத்தை. எங்க கையெழுத்து நல்லாருக்குன்னு எங்கள ரெக்கார்டு நோட் எழுதச் சொல்லுவாங்க.” முப்பது வருடம் ஆகிவிட்டது. ரூபாய் 600 இல்லை, மஞ்சள் எழுத்து இல்லை. ஆனால் வேலைப் பங்கீடு அப்படியே இருக்கிறது. அவன் கையில் இயந்திரம், அவள் கையில் நோட்டு.

என் பழைய கம்ப்யூட்டர் இன்னும் அகரத்து வீட்டுப் பரணில் கிடக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்க்ரூடிரைவர் எடுத்து வைத்துவிட்டேன், ஒரு பென்சில் ரப்பரும் வாங்கிவிட்டேன். அவள் பிரிக்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். கல்லூரியில் படிக்கிற மற்ற பெண்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: அடுத்த லேபில் ரெக்கார்டு நோட்டை அவன் எழுதட்டும். கையெழுத்து நன்றாக இல்லாவிட்டால் பழகிக்கொள்வான். மூடியை நீ கழற்று.